பகலில் பட்டறை, இரவில் திரை: வன்னியில் சிறு பரிசோதனைப் பட விழா நடத்தும் முறை

பரிசோதனைப் படம் பார்க்க வந்தவர் பத்து நிமிடத்தில் எழும்பிப் போனால், படம் அவருக்கு விளங்கவில்லை என்று ஏற்பாட்டாளர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். கதையோ நடிகரோ இல்லாமல் நிறமும் கீறலும் அசைவும் மட்டுமே ஓடுகிற ஒன்றுக்குள் நுழைய அவருக்கு வழி எதுவும் காட்டப்படவில்லை என்பதுதான் பெரும்பாலும் உண்மை. மேடையில் பேசுகிற விளக்கவுரையால் அந்த வழி திறக்காது. காலையில் அவரோ அவருடைய பிள்ளையோ ஒரு மீற்றர் பிலிமை ஊசியால் கீறியிருந்தால் திறக்கும். அதனால் இங்கே எல்லாமே ஒரே ஒழுங்கில்தான் சொல்லப்படுகிறது: பகலில் பட்டறை, இரவில் முதலாவதாகப் பட்டறைப் படம், அதற்குப் பிறகுதான் வெளியூர்ப் படங்கள். மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு அளவான ஓர் ஊரில் பட்டறைக்கு 20 பேர், இரவுக்கு 120 பேர், மொத்தம் இரண்டு நாள் என்று கணக்கு வைத்திருக்கிறோம்.

நாள் குறித்தல்

ஒக்ரோபர் தொடக்கம் ஜனவரி வரை மழை. பெப்ரவரியில் காலபோக அரிவு வெட்டு. மெசின் எந்த வயலுக்கு எப்போது வரும் என்று தெரியாமல் வீடே காத்திருக்கும். அந்த மாதம் சனத்தைக் கூப்பிடுவது நியாயமில்லை. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை சோளகக் காற்று அடிக்கும், திரை நிற்காது, புழுதி புரொஜெக்ரருக்குள் போகும். எஞ்சுவது மார்ச் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் முடிவு வரை, அல்லது செப்டெம்பர். ஏப்ரலில் பின்னேர இடிமழை வரலாம் என்பதால் மண்டபம் ஒன்றையும் கையில் வைத்திருங்கள்.

புளியம்பொக்கணை நாகதம்பிரான் பங்குனி உத்தரம், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கல், மடுவின் ஆடி, ஆவணித் திருவிழாக்கள் ஆகியவற்றோடு மோத வேண்டாம். மோதினால் சனமும் வராது, ஒலிபெருக்கிக்காரரும் கிடைக்கமாட்டார். மே 18 வருகிற கிழமையும் நவம்பர் கடைசிக் கிழமையும் போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நாட்கள், அப்போது எந்த விழாவும் வைக்கக்கூடாது. பரீட்சைக் காலத்தைப் பாடசாலை அதிபரிடம் கேளுங்கள்.

நிலவைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. முழுநிலவு வெளிச்சம் திரையைக் கெடுக்கிற அளவு பலமானதல்ல. அதோடு, படம் முடிந்து சைக்கிளில் வீடு போகிறவர்களுக்கு அது பெரிய உதவி. திரையைக் கெடுப்பது தெருவிளக்கும், பக்கத்துக் கடையின் எல்.ஈ.டி. பலகையும்தான். இடம் பார்க்கப் பகலில் போகாதீர்கள். இரவு ஏழு மணிக்குப் போய், திரை வரப்போகிற இடத்தில் நின்று, கண்ணுக்கு எந்த வெளிச்சம் அடிக்கிறது என்று பாருங்கள்.

அனுமதி விடயம் அலுப்பானது, ஆனால் தவறவிட்டால் விழாவே நின்றுபோகும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். இடத்துக்கும் களியாட்ட வரிக்கும் பிரதேச சபையிடம் கடிதம் கொடுங்கள். நுழைவு இலவசம் என்றால் அதைக் கடிதத்திலேயே எழுதுங்கள். பொது இடத்தில் படம் காட்டத் தணிக்கை அனுமதி தொடர்பாக என்ன செய்ய வேண்டும் என்பதைப் பிரதேச செயலகத்தில் ஒரு மாதம் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கிராம அலுவலருக்கும் ஒரு பிரதி போகட்டும். எல்லாக் கடிதங்களின் பிரதிகளும் விழா நடக்கும்போது புரொஜெக்ரர் மேசையில் இருக்க வேண்டும். யாராவது வந்து கேட்பது எப்போதும் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான்.

திரை

வெள்ளைச் சுவரைவிட நல்ல திரை இந்தச் செலவில் கிடையாது. மண்டபத்தின் அல்லது சனசமூக நிலையத்தின் வெளிச்சுவரில் 3 மீற்றர் அகலமும் 1.7 மீற்றர் உயரமும் உள்ள பகுதியைத் தேர்ந்து, பழைய பூச்சை உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்பில்லாத வெள்ளை எமல்ஷன் இரண்டு பூச்சுப் பூசுங்கள். 5 சதுர மீற்றருக்கு 1 லீற்றர் போதும். பளபளப்புப் பெயின்ற் பூசினால் புரொஜெக்ரரின் வெளிச்சம் ஒரு வட்டமாகத் திரும்பி அடிக்கும், ஒரு பக்கத்தில் இருப்பவர்களுக்குப் படமே தெரியாது. சுவரைச் சுற்றி 15 சென்ரிமீற்றருக்கு மட்டமான கறுப்புப் பூச்சோ கறுப்புத் துணியோ ஓடினால் படம் கூர்மையாகத் தெரியும். இருட்டான பரிசோதனைப் படங்களுக்கு இந்தக் கறுப்பு விளிம்பு அலங்காரம் அல்ல, தேவை.

சுவர் கிடைக்காவிட்டால் வெள்ளை பொப்ளின் துணி. தையல் திரையின் நடுவில் வரக்கூடாது; அகலத் துணி வாங்கிக் கிடையாகத் தையுங்கள். சுற்றிவர மடித்துத் தைத்த விளிம்பில் 30 சென்ரிமீற்றருக்கு ஒரு கண் போட்டு, ஒன்றரை அங்குலக் குழாய்ச் சட்டத்தில் கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள். சட்டத்தின் இரண்டு தலைப்பிலிருந்தும் முன்னும் பின்னும் கயிறு இறங்கி முளையில் நிற்க வேண்டும். காற்று எழும்பினால் கீழ்ப்பக்கக் கயிறுகளை மட்டும் அவிழ்த்துவிடுங்கள். துணி படபடக்கும், ஆனால் சட்டம் விழாது. துணிக்குப் பின்னால் தறப்பாள் கட்டினால் வெளிச்சம் ஊடுருவிப் போகாது, ஆனால் காற்று இரண்டு மடங்கு பிடிக்கும். சோளகம் தொடங்கிவிட்ட நாளில் தறப்பாள் வேண்டாம்.

திரையின் கீழ் விளிம்பு நிலத்திலிருந்து 1.2 மீற்றர் உயரத்தில் இருக்கட்டும். முன்னால் பிள்ளைகளுக்குப் பாய், பின்னால் கதிரை, கடைசி வரிசை திரையிலிருந்து 12 மீற்றருக்குள். அதற்கு அப்பால் இருந்தால் ஊசிக் கீறல்கள் கண்ணுக்குப் பிடிபடாது.

பாடசாலைகளிலும் செயலகங்களிலும் இருக்கிற 3000 லுமென் புரொஜெக்ரர் இந்த அளவுக்குப் போதும். 3 மீற்றர் அகலப் படத்துக்கு அது பெரும்பாலும் 4.5 முதல் 6 மீற்றர் தூரத்தில் நிற்க வேண்டியிருக்கும். பழைய பல்ப் பாதி வெளிச்சம்தான் தரும். ஆகவே இரவல் வாங்கும்போதே எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று மெனுவில் பாருங்கள். காற்று வடியைக் கழற்றித் தூசு தட்டுங்கள், இல்லாவிட்டால் அரைமணித்தியாலத்தில் சூடேறித் தானாக நிற்கும். சரிந்த படத்தை மெனுவில் நிமிர்த்துவதைவிட மேசையை உயர்த்தி நேராக்குவது நல்லது. மெனுவில் நிமிர்த்தினால் நுண்கோடுகள் மங்கும்.

பகல் திரையிடல் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். எங்கள் பாடசாலைக் கட்டிடங்கள் அரைச்சுவரும் வலையும், அல்லது பூக்கல்லும் வைத்துக் காற்றுக்காகக் கட்டியவை. எத்தனை தறப்பாள் கட்டினாலும் நண்பகல் வெளிச்சம் உள்ளே வரும், சூட்டில் ஆட்கள் இருக்கமாட்டார்கள். கிளிநொச்சிப் பக்கம் பருவத்தைப் பொறுத்து மாலை 5.45க்கும் 6.35க்கும் இடையில் சூரியன் மறைகிறது. மறைந்து அரைமணித்தியாலத்துக்குப் பிறகு நல்ல இருட்டு. மார்ச், ஏப்ரலில் 7.00 மணிக்குத் தொடங்கலாம்.

முதல் நாள் பட்டறை: பிலிமில் நேரே கீறுதல்

கமராவே இல்லாமல், பிலிமின் மேல் நேரடியாகக் கீறியும் பூசியும் ஒட்டியும் படம் செய்யும் முறை 1930களிலேயே கலைஞர்கள் கையில் வளர்ந்துவிட்டது. இதற்குப் பழைய 35 மில்லிமீற்றர் பிலிம் வேண்டும். மூடப்பட்ட தியேட்டர்களின் சாமான் அறைகளில், பழைய ஒப்பரேற்றர்களின் வீடுகளில் துண்டுகள் கிடைக்கும்.

கத்தி வைப்பதற்கு முன் மூன்று விடயம் பாருங்கள். ஓரத்தில் 'சேப்ரி' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறதா? 1950களின் தொடக்கம் வரை புழங்கிய நைத்திரேற்றுப் பிலிம் பெற்றோலைப் போலப் பற்றும். ஓரத்தில் அந்த எழுத்து இல்லாத பழைய துண்டைத் தொடாமல் விடுவதே சரி. வினாகிரி மணக்கிறதா? மணந்தால் அது அழுகத் தொடங்கிவிட்டது, மற்றச் சுருள்களோடு வைக்காதீர்கள். கடைசியாக, அது என்ன படம்? இலங்கையில் எடுத்த தமிழ்ப் படங்கள் பலவற்றின் பிரதி இன்று எங்குமே இல்லை. அப்படி ஒரு சுருளாக இருக்கக்கூடும் என்று சிறு சந்தேகம் வந்தாலும் கீறாதீர்கள். சுருளை வெயில் படாத வரண்ட இடத்தில் வைத்து, ஆவணப்படுத்துகிறவர்களுக்கு அறிவியுங்கள். கீறுவதற்கு விளம்பரத் துண்டு, வெறும் கறுப்பு முனைத்துண்டு, சிதைந்த ஒட்டுத்துண்டு போதும்.

பிலிம் கிடைக்காத ஊரில் பழைய எக்ஸ்ரே கைகொடுக்கும். வீட்டுக்கு ஒன்றாவது பையில் கிடக்கும். குளோரின் வெளுப்புத் திரவமும் தண்ணீரும் சம அளவு கலந்து, அதில் 5 முதல் 10 நிமிடம் ஊறவிட்டுத் துணியால் துடைத்தால், இரண்டு பக்கத்திலும் உள்ள படலம் கழன்று இளநீலத் தாள் மிஞ்சும். கையுறை போட்டு வெளியில், காற்றோட்டத்தில் செய்யுங்கள். வினாகிரியையோ கழிப்பறை அசிற்றையோ அதற்குக் கிட்டவும் கொண்டுவராதீர்கள். குளோரின் வாயு வரும். பெயரும் இலக்கமும் உள்ள ஓரத்தை முதலே வெட்டி அழியுங்கள். உடம்பில் உலோகச் சிதறல் தெரிகிற எக்ஸ்ரே இந்த ஊர்களில் அரிதல்ல. அதற்கு உரியவர் தானாக விரும்பிக் கொண்டுவந்தால் தவிர அதைக் கழுவவும் வேண்டாம், படத்தில் பாவிக்கவும் வேண்டாம்.

கழுவிய எக்ஸ்ரேயை இரும்பு அடிமட்டம் வைத்து 35 மில்லிமீற்றர் அகலக் கீலங்களாக வெட்டுங்கள். துளைகள் இல்லாததால் கீழே வைக்கிற தாளில் 19 மில்லிமீற்றருக்கு ஒரு கோடு கீறி, அதை ஒரு சட்டத்தின், அதாவது பிலிமில் வருகிற ஒரு தனிப் படத்தின், அளவாகக் கொள்ளுங்கள். உண்மையான 35 மில்லிமீற்றர் பிலிமிலும் ஒரு சட்டத்தின் உயரம் அதுதான்: நான்கு துளைக்கு ஒரு சட்டம், 19 மில்லிமீற்றர். செக்கனுக்கு 24 சட்டம் என்றால் 45.6 சென்ரிமீற்றர் ஓடி முடிந்தால் ஒரு செக்கன். ஆளுக்கு ஒரு மீற்றர், 20 பேர் என்றால் 20 மீற்றர், 1052 சட்டம், 44 செக்கன். இந்தக் கணக்கைத் தொடக்கத்திலேயே கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். ஒரு மீற்றர் முழுவதும் பாடுபட்டது இரண்டு செக்கனில் போய்விடும் என்று தெரிந்தால், ஒவ்வொரு சட்டத்திலும் தனிப் படம் கீறாமல் நீளமாக ஓடுகிற கோடு போடுவார்கள். நன்றாக வருவதும் அதுதான்.

மேசைக்குத் தேவையானவை: தையல் ஊசி, சவர பிளேட்டின் பாதி, 120 மற்றும் 400 இலக்க உப்புத்தாள், அழியாத மார்க்கர் நாலைந்து நிறம், இந்தியன் இங்க், அகலச் செலோரேப், பஞ்சுக்குச்சி, வெள்ளைத் தாள் விரித்த மேசை. சாப்பாட்டு நிறம் பிலிமில் முத்து முத்தாக ஒதுங்கும். அதில் பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரு துளி விட்டால் பரவும்.

கீறும் பக்கம் எது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மினுங்காத, மங்கலான பக்கம்தான் படலம் உள்ள பக்கம். உதட்டில் லேசாக ஈரமாக்கி வைத்தால் அது ஒட்டும். மினுங்கும் பக்கத்தைக் கீறினால் வெறும் கீறல்தான், நிறம் வராது. கலர்ப் பிரதியின் கறுப்புப் பகுதியில் மெதுவாகச் சுரண்டினால் முதலில் பச்சை, இன்னும் சுரண்டினால் மஞ்சள், முழுவதும் போனால் வெள்ளை. மேலே மஜெந்தா, நடுவில் நீலப்பச்சை, அடியில் மஞ்சள் என்று மூன்று அடுக்காகச் சாயம் இருப்பதே காரணம். பிள்ளைகள் இதைத் தாங்களாகக் கண்டுபிடிக்க விடுங்கள்; முன்கூட்டிச் சொன்னால் எல்லாரும் ஒரே மாதிரிச் சுரண்டுவார்கள்.

ஒட்டுவதற்கு ஊரிலேயே எவ்வளவோ இருக்கிறது. மழைக்கு அடுத்த நாள் விளக்கடியில் கூட்டி எடுத்த ஈசல் இறக்கை, வெங்காயத் தோல், வேப்பம்பூ, மீன் செதில். ஒரு கிழமை புத்தகத்துக்குள் வைத்து உலர்த்தியவை மட்டும். பச்சை இலை செலோரேப்புக்குள் வியர்த்து, மத்தியானத்துக்குள் கறுத்துக் குமிழி போடும். ஒட்டிய துண்டு தடிப்பாக இருப்பதால் அதைப் பிலிம் புரொஜெக்ரரில் ஓட்டினால் இறுகி அறுக்கும். ஆகவேதான் சட்டம் சட்டமாகப் போனில் படம்பிடிக்கிறோம்.

அதற்கு ஒரு மேசை போதும். ரப்லெற்றில் முழு வெள்ளைத் திரையை வைத்து, அதற்கு மேல் 4 சென்ரிமீற்றர் உயரத்தில் பால்நிற அக்ரிலிக் தட்டு. இடைவெளி இல்லாவிட்டால் ரப்லெற்றின் புள்ளிகள் படத்தில் தெரியும். தட்டின் மேல் கறுப்பு மட்டையில் ஒரு சட்டத்துக்கு மட்டும் வெட்டிய சாளரம், பிலிம் நகராமல் இரண்டு பக்கமும் மட்டைத் தண்டவாளம், துளையில் குத்தி நிறுத்த ஓர் ஊசி. மேலே தலைகீழாக நிறுத்திய போன். குவியத்தையும் வெளிச்சத்தையும் விரலால் அழுத்திப் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் ஒவ்வொரு சட்டத்துக்கும் போன் வெளிச்சத்தை மாற்றி, ஓடும்போது படம் துடிக்கும். வீட்டு எல்.ஈ.டி. பல்ப்பை வெளிச்சமாக வைத்தால் கோடு கோடாக விழக்கூடும். இலங்கை மின்சாரம் 50 ஹேட்ஸ் என்பதால் ஷட்டரை 50இல் ஒன்று அல்லது 100இல் ஒன்று என்று வையுங்கள்.

ஒரு சட்டத்துக்கு 5 செக்கன் என்றால் 1052 சட்டத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம். இரண்டு மேசை வைத்தால் முக்கால் மணித்தியாலம். பிற்பகல் 3.00 மணிக்குக் கீறுவதை நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று கேட்பவர்களுக்கு விட்டுக்கொடுத்தால் இரவில் காட்டப் படம் இருக்காது. சேர்க்கும்போது செக்கனுக்கு 12 சட்டம் என்று வையுங்கள். 44 செக்கன் 88 செக்கனாகும், கண்ணுக்கும் இதமாக இருக்கும்.

இரண்டாம் நாள்: கோப்பியில் பிலிம் கழுவுதல்

இதற்கு 6 பேருக்கு மேல் எடுக்காதீர்கள். கறுப்பு வெள்ளை 35 மில்லிமீற்றர் ஸ்ரில் பிலிம் ஒன்று, பழைய கமரா ஒன்று, பிலிம் கழுவும் தாங்கி ஒன்று. ஆளுக்கு ஆறு படம், ஒரே பொருளைச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுப்பது. மொத்தம் 36 படம். பிறகு ஒவ்வொன்றையும் மூன்று தடவை வைத்தால், செக்கனுக்கு 12 வீதம், 9 செக்கன்.

எடுத்த பிலிமில் படத்தைத் தெரியவைப்பது கோப்பிக் கரைசல். அதற்கு, 1 லீற்றர் தண்ணீருக்கு: நீரற்ற சலவைச் சோடா 54 கிராம், விற்றமின் சி தூள் 16 கிராம், உடனடிக் கோப்பி 40 கிராம். சோடாவை முதலில் முழுவதும் கரையுங்கள், அடுத்தது விற்றமின் சி (நுரைக்கும்), கடைசியாகக் கோப்பி. நுரை அடங்க 5 நிமிடம் விடுங்கள். குமிழியோடு ஊற்றினால் பிலிமில் வெள்ளை வட்டங்கள் விழும். 20 பாகை செல்சியசில் 15 நிமிடம்.

பிழைப்பது பெரும்பாலும் நாலு இடத்தில். சோடா பெரிய பளிங்குக் கட்டியாக இருந்தால் அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். 54 கிராமுக்குப் பதில் 146 கிராம் வேண்டும். அப்பச்சோடா அப்படியே வேலை செய்யாது. 86 கிராம் அப்பச்சோடாவைத் தாச்சியில் நல்ல சூட்டில் அரைமணித்தியாலத்துக்கு மேல் கிளறினால் ஏறக்குறைய 54 கிராம் சலவைச் சோடா கிடைக்கும். கோப்பி, சீனியும் பாலும் கலக்காத மலிவான உடனடிக் கோப்பியாக இருக்க வேண்டும். மூன்றும் கலந்த பைக்கற்றும், வீட்டில் இடித்த கோப்பித்தூளும் உதவாது. கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூடினால் சோடா வெள்ளையாகத் திரையும், பிலிமில் புள்ளி விழும், ஆர்.ஓ. தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ பாவியுங்கள்.

நாலாவதுதான் இங்கே பெரிய சிக்கல்: சூடு. வாளித் தண்ணீர் 28, 29 பாகையில் நிற்கும். அந்தச் சூட்டில் கழுவினால் படலம் இளகும், முழுப் பிலிமும் சாம்பல் பிடிக்கும். 10 லீற்றர் தண்ணீர் உள்ள வாளியை 29இலிருந்து 20க்கு இறக்க ஏறக்குறைய 1 கிலோ ஐஸ் வேண்டும். அங்கேயே நிறுத்தி வைக்க இன்னும் ஒன்று, இரண்டு கிலோ. ஐஸைப் பையில் கட்டி வாளிக்குள் போட்டு, கரைசல் போத்தல்களையும் தாங்கியையும் அந்த வாளிக்குள் நிறுத்துங்கள். கரைசலுக்குள் ஐஸ் போட்டால் அளவு கெட்டுவிடும். மீன் கடை ஐஸ் போதும். 24 பாகைக்குக் கீழே இறக்க முடியாவிட்டால் நேரத்தை 10, 11 நிமிடமாகக் குறைத்து, முதலில் ஒரு சிறு துண்டைக் கழுவிப் பாருங்கள். கழுவும் தண்ணீரும் அதே குளிரில் இருக்கட்டும்; திடீரென்று சூட்டுக்குப் போனால் படலம் வெடிக்கும்.

கோப்பிக்குப் பிறகு வெறும் தண்ணீரில் 1 நிமிடம், அதற்குப் பிறகு, வந்த படத்தை நிலைநிறுத்துகிற ஹைப்போ கரைசலில் (லீற்றருக்கு 250 கிராம்) 10 நிமிடம். ஹைப்போவுக்கு வீட்டுச் சாமானில் மாற்றுக் கிடையாது, முன்கூட்டி எடுப்பித்து வையுங்கள். தண்ணீர் தட்டுப்பாடான இடத்தில் தாங்கியை நிரப்பி 5 தடவை கவிழ்த்து ஊற்றுங்கள், புதுத் தண்ணீரில் 10 தடவை, இன்னொரு தண்ணீரில் 20 தடவை. மூன்று நிரப்பலில் கழுவி முடியும். பாவித்த ஹைப்போவில் வெள்ளி இருக்கும். கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல், பெயர் எழுதிய கானில் சேர்த்து, அதை எடுக்கிற ஸ்ரூடியோவிடம் கொடுங்கள்.

அதே நாள், பிலிம் கழுவாத மற்றவர்களைப் போனோடு வெளியே அனுப்பி ஊர்ச் சத்தம் சேர்க்கச் சொல்லுங்கள்: நெல் ஆலை, இரணைமடு வாய்க்கால், மயில், மெசின். ஒவ்வொன்றும் அசையாமல் நின்று 30 செக்கன். காற்றைத் தடுக்க மைக்கின் மேல் ஒரு காலுறை. அந்த ஒலிதான் முதல் நாள் கீறிய படத்துக்கு இரண்டாம் இரவில் சேரப் போகிறது.

படங்களைத் தெரிதல்

இணையத்தில் இருந்து இறக்கிக் காட்டாதீர்கள். பெரும்பாலான பரிசோதனைக் கலைஞர்கள் ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் போடுவார்கள். சிறு ஊர், இலவச நுழைவு, 120 பேர், இன்ன திகதி, ஒரு தடவை மட்டும் என்று எழுதினால் பலர் கட்டணம் இல்லாமலே தருவார்கள். பழைய படங்களுக்குப் பரிசின் லைற் கோன், லண்டனின் லக்ஸ், சான் பிரான்சிஸ்கோவின் கன்யன் சினிமா போன்ற விநியோகத்தார் வாடகைக்குத் தருகிறார்கள். வாடகையை முதலே கேட்டு வரவுசெலவில் போடுங்கள். கிட்டத்தில், இந்தியாவில் 2003இல் தொடங்கிய எக்ஸ்பெரிமென்ரா விழாவின் பழைய நிகழ்ச்சி நிரல்களைப் பார்த்தால் தென்னாசியக் கலைஞர்களின் பெயர்கள் கிடைக்கும்.

ஓர் இரவுக்கு 50 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 2 முதல் 8 நிமிடப் படங்கள் எட்டு. பட்டறைப் படத்துக்கு அடுத்ததாகப் பிலிமில் கீறிய இன்னொருவரின் படத்தை வையுங்கள். காலையில் கீறியவர்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்கு, இது ஊசி, இது உப்புத்தாள் என்று தாங்களே சொல்லத் தொடங்குவார்கள். மிக மெதுவான படத்தை நடுவில் வையுங்கள், முடிவில் அல்ல. ஊமைப் படமாக இருந்தால் தொடங்கமுதல் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் சத்தம் வரவில்லை என்று மூன்று பேராவது மேசைக்கு ஓடி வருவார்கள், ஒலிபெருக்கிக்காரர் வயர்களைக் கழற்றத் தொடங்குவார்.

எல்லாப் படத்தையும் தொடக்கம் முதல் முடிவு வரை நீங்கள் தனியாக இருந்து பார்த்திருக்க வேண்டும், சத்தத்தோடு. செக்கனுக்கு 3 தடவைக்கு மேல் மின்னும் படம் வலிப்பு உள்ளவர்களைத் தாக்கலாம். அப்படிப்பட்டதைக் கடைசியில் வைத்து, முன்னால் தமிழில் எழுத்தாலும் வாயாலும் அறிவித்து, வெளியே போக விரும்புபவர்களுக்கு ஒரு நிமிடம் விளக்குப் போடுங்கள். வன்னியில் இன்னொன்றும் உண்டு. திடீர் வெடிச்சத்தம், விமான இரைச்சல், நெடுநேரம் நீளும் சைரன் உள்ள படங்களை, பார்ப்பவர்கள் 2009ஐக் கடந்து வந்தவர்கள் என்ற நினைவோடு தெரியுங்கள். கலைப்படைப்பு என்ற காரணம் இங்கே போதாது. அப்படி ஒன்றைக் காட்டியே ஆகவேண்டும் என்றால், சுவரொட்டியிலேயே எழுதி, தனி நேரத்தில், வர விரும்புகிறவர்களுக்கு மட்டும் காட்டுங்கள்.

மின்சாரமும் ஒலியும்

புரொஜெக்ரர் 300 வோற், அம்பிளிபயர் 400, மடிக்கணினி 90, விளக்குகள் 50. இதற்கு 2 கேவீஏ ஜெனரேற்றர் தாராளம். மணிக்கு 1 லீற்றர் பெற்றோல் என்று கணக்கு வையுங்கள். கட்டிடத்துக்குப் பின்னால், 30 மீற்றர் தூரத்தில், காற்று போகிற பக்கம் நிறுத்துங்கள். 30 மீற்றர் வயர் 2.5 சதுர மில்லிமீற்றர், மூன்று கம்பி. சுருளை முழுவதும் அவிழ்த்துப் போடுங்கள், சுருட்டியபடி விட்டால் உருகும். சதுரப் பின்னும் வட்டப் பின்னும் கலந்திருக்கும் ஊர் இது, பிளக் மாற்றி குறைந்தது ஆறு வாங்கி வையுங்கள். கரண்ட் போனால் பல்ப் புரொஜெக்ரர் குளிராமல் நின்று பல்ப் வெடிக்கக்கூடும். புரொஜெக்ரருக்கு மட்டும் 1000 வீஏ யூபிஎஸ் ஒன்று வைத்தால் ஜெனரேற்றரை இழுத்து முடிக்கிற சில நிமிடம் கிடைக்கும்.

கோயில் திருவிழா ஊதுகுழல் ஸ்பீக்கர் இதற்கு உதவாது. பெட்டி ஸ்பீக்கர் இரண்டு, திரையின் இரு பக்கமும், இருப்பவரின் காது உயரத்தில். எக்கோவை அணைக்கவும், பேஸைக் கூட்டாமல் நடுவில் வைக்கவும் ஒலிபெருக்கிக்காரரிடம் பகலிலேயே சொல்லுங்கள். அவரையும் பட்டறைக்குக் கூப்பிட்டிருந்தால் இன்னும் நல்லது. இரைச்சல் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். அதுதான் காரணம் என்றால் எல்லாவற்றையும் ஒரே பிளக் பலகையில் இருந்து எடுங்கள்.

இரவு

எல்லாப் படத்தையும் இடையில் 5 செக்கன் கறுப்பு விட்டு ஒரே கோப்பாகச் சேர்த்து, ஒலியைச் சமப்படுத்தி வையுங்கள். தமிழ் உபதலைப்பைத் தனிக் கோப்பாக ஓட்டினால் எழுத்துகள் சிதறும், கொம்பு ஓரிடமும் எழுத்து ஓரிடமுமாக விழும், படத்தோடு பதித்துவிடுங்கள். அதே கோப்பு இரண்டு பென்டிரைவில் இருக்கட்டும். எச்டிஎம்ஐ வயர் 10 மீற்றரைத் தாண்டினால் படம் விட்டு விட்டு வரும், ஆகவே மடிக்கணினி புரொஜெக்ரருக்குப் பக்கத்தில் இருக்கட்டும். தூக்க நிலை, அறிவித்தல், தானியங்கிப் புதுப்பிப்பு மூன்றையும் அணையுங்கள்.

மழை பெய்த மறுநாள் பூச்சி கூட்டமாக வந்து வில்லையில் மொய்க்கும். திரைக்கு எதிர்ப்பக்கம் 20 மீற்றர் தள்ளி ஒரு வெள்ளை பல்ப் எரியவிட்டால் பெரும்பகுதி அங்கே போகும். அந்த வெளிச்சம் திரையில் படாமல் மட்டையால் மறையுங்கள். பாதைக்கு வைக்கும் விளக்கு மஞ்சளாக, தாழ்வாக இருக்கட்டும்.

படம் தொடங்கமுதல் பேச்சு இரண்டு நிமிடம். பிரதம விருந்தினர் உரை, பொன்னாடை எல்லாம் தேவை என்றால் மாலை 6.15க்கு, வெளிச்சத்தில் முடித்துவிடுங்கள். படங்களுக்குப் பிறகு விளக்குப் போட்டு, ஒவ்வொரு வரிசையிலும் ஒருவரிடம், என்ன கண்டீங்கள், என்ன கேட்டது என்று மட்டும் கேளுங்கள். என்ன விளங்கியது என்று கேட்டால் சனம் வாய் திறக்காது. முதியவர்களிடம் முதலில் கேளுங்கள், அவர்கள் பேசினால் இளையவர்கள் தானாகச் சேர்வார்கள்.

8.30க்குள் முடியுங்கள். யானை நடமாட்டம் உள்ள கிராமங்களுக்குப் போகிறவர்களைக் கூட்டமாகச் சேர்த்து அனுப்புங்கள். முடிந்தால் ஓர் உழவு இயந்திரப் பெட்டியை முன்கூட்டிப் பேசி வையுங்கள். புரொஜெக்ரரை அணைத்ததும் வயரைப் பிடுங்காமல் காற்றாடி நிற்கும் வரை விடுங்கள். அந்த நேரத்தில் பட்டறைப் படத்தின் கோப்பை அன்று கீறியவர்களின் போன்களுக்கு அனுப்பிவிடலாம். கீறிய கீலங்களை ஆளுக்கு ஆள் பெயரெழுதிய கடித உறையில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள்; செலோரேப் ஒட்டியவை ஒன்றோடொன்று ஒட்டாமல் இடையில் எண்ணெய்த்தாள் வையுங்கள்.